கிணற்றின் கிழக்குக் கரை

வியாழக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். செஞ்சிக்கு இருபத்து நாலு மைல். டிக்கெட் ஒரு ரூபாய் பத்து காசு. அந்த ஊருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டை பார்க்கப் போகிறார்கள். நான் கிணறு எண்ணப் போனேன். போன காரியத்தைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மின்சார இலாகாவில் ஜூனியர் இன்ஜினியர். வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம். தொண்டூருக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூருக்கு மின்கம்பி இழுக்கலாமா என்று பார்த்துப் பாதை வரைந்து கொடுக்க வேண்டும். அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே நான் கேட்ட பேச்சுகள் ஒரு குடும்பத்தினுடையவை. எங்கள் விதிப்படி ஒரு சிற்றூருக்குக் கம்பி போக வேண்டுமானால் பன்னிரண்டு கிணறுகளுக்காவது மோட்டார் இணைப்பு கேட்டு விண்ணப்பம் வந்திருக்க வேண்டும். பதினொன்று வந்திருந்தன.

பையில் வைத்திருந்தவை: அளவு நாடா, கிராம வரைபடம், நான்கு பென்சில், கைநாட்டு வாங்க மை அட்டை, குடை, டார்ச், மாற்றுப் புடவை இரண்டு, அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி. கண்டக்டர் என்னைப் பெண்கள் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, "கூட யாரும்மா வராங்க?" என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றேன். பின்னால் திரும்பி யாராவது எழுந்து வருகிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் டிக்கெட்டைக் கிழித்தார்.

ஊர் நெருங்க நெருங்கக் குன்றுகள் வந்தன. அவை குன்றுகள் போலவே இல்லை. லாரியிலிருந்து பாறைகளைக் கொட்டிவிட்டுப் போனது போல, ஒன்றின் மேல் ஒன்றாகப் பெரிய பெரிய உருண்டைக் கற்கள். எது எதைத் தாங்குகிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். அவற்றின் உச்சியில் மதில் ஓடுகிறது. பஸ்ஸில் இருந்த நாற்பது பேரில் யாரும் தலையைத் தூக்கி அதைப் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்குச் செஞ்சி. பயணியர் விடுதிக் காவல்காரரும் கண்டக்டர் கேட்டதையே கேட்டார். என் பெயருக்கு அறை ஒதுக்கியிருந்த உத்தரவைக் காட்டினேன். "இன்ஜினியர் வராருன்னு போட்டிருக்குதே" என்றார். நான்தான் என்றேன். மறுபடி படித்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். கடைத்தெரு ஓட்டலில், பெண்களுக்கென்று பின்புறம் திரை போட்ட அறையில் இலை போட்டார்கள். அங்கே நான்கு மேசை. நான் ஒருத்தி. திரைக்கு அப்பால் ரேஷன் அரிசியைப் பற்றி ஒரு மேசை முழுவதும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. சாம்பார் கொண்டுவந்தவர் திரைக்குள் கையை மட்டும் நீட்டி வாளியை வைத்துவிட்டுப் போனார்.

மாலை நான்கு மணிக்கு நயினாரைப் பார்க்கப் போனேன். செஞ்சிக் கடைத்தெருவில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் சமணர் அவர். ஐம்பது வயது, நெற்றியில் சந்தனம், மடித்துக் கட்டிய வேட்டி. அந்தச் சிற்றூரில் அவருக்கு நிலம் உண்டு. பதினோரு விண்ணப்பங்களில் முதலாவது அவருடையது. அதோடு, சக்கர வண்டியில் ஏற்றிய ஆயில் என்ஜின் ஒன்று வைத்திருந்தார். மாடு இல்லாதவர்களின் கிணற்றடிக்கு அதைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தித் தண்ணீர் இறைத்துக் கொடுப்பார். கூலி, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு.

வரைபடத்தில் அவர் கிணற்றைக் குறித்துக்கொண்டு எழுந்துவிடத்தான் நினைத்தேன். மூன்றில் ஒரு பங்கு என்று கேட்டபின் வாய் சும்மா இருக்கவில்லை. அதிகம் இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. இந்தப் பேச்சுக்கு ஆள் கிடைத்ததே என்பது போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். என்ஜின் வாங்கியது அவர். எண்ணெய் ஊற்றுவது அவர். மழை இல்லாத வருஷம் எட்டுக் குடும்பத்துப் பயிர் பிழைத்தது. அவர்கள் பயிர் அவர்களுக்கு, பங்கு இவருக்கு, இதில் யார் கெட்டார்கள் என்றார். ஊரில் ஒரே ஒரு என்ஜின் இருக்கும்போது அதற்கு விலை சொல்பவரும் ஒருவர்தானே என்றேன். இன்னொருவன் வாங்குவதை நான் தடுத்தேனா என்றார். வாங்கப் பணம் உள்ளவன் ஊரில் இன்னொருவன் இல்லை என்றேன். அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அரசாங்கம் வர வேண்டியிருக்கிறது என்றும் சொன்னேன். அரசாங்க உபகாரச் சம்பளத்தில் படித்தவள் நான். அதைச் சொல்லும்போது குரல் சற்று உயர்ந்திருக்கலாம்.

"வரட்டும்மா, நான் வேணாம்னா சொன்னேன்? அரிசி ஜில்லா தாண்டக் கூடாதுங்குது. வெலை இவ்ளோதான்னு பலகை மாட்டுது. பலகைல வெலை இருக்குது, கடைல அரிசி இல்ல. அந்த கவர்மெண்டுதானே நீ?"

"அது வேறு இலாகா" என்றேன்.

அவர் சிரித்தார். மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

"சரி, உன் இலாகாவையே கேக்கறேன். பன்னெண்டு கெணறு இல்லன்னா கம்பி போடமாட்டன்றியே, ஏன்?"

"போட்ட செலவு திரும்பாது. லாபம் வேண்டாம், நஷ்டம் வராமல் இருக்க வேண்டும் அல்லவா."

"எங்க நைனா வட்டிக்குக் குடுக்கறப்போ இதேதாம்மா சொல்லுவாரு."

நைனா என்றால் அப்பா. நான் பேச்சை மாற்றினேன். கம்பி வந்தால் உங்கள் என்ஜினுக்கு வேலை போய்விடுமே, பிறகு ஏன் முதல் ஆளாக விண்ணப்பம் போட்டீர்கள் என்று கேட்டேன். கடலை உரிக்கும் மிஷின் வைக்கப்போகிறாராம். அது டீசலில் ஓடினால் கட்டாது, மின்சாரத்தில் கட்டும். ஆகவே பன்னிரண்டாவது கிணறு என்னைவிட அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. அதை மறைக்கவும் இல்லை.

பேச்சு நடுவிலேயே எழுந்துகொண்டார். வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. சமணர்கள் பொழுது சாயும் முன் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். "நீ ஊர் பூரா வெளக்கு போட்டாலும் எனக்கு ராச்சாப்பாடு கெடையாது" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். நான் சொல்லவிருந்த மறுமொழி என்னிடமே தங்கிவிட்டது. விடுதிக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதைத் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்த்தேன். கேட்க ஆளில்லாத வாதத்தில் எப்போதும் நாம்தான் ஜெயிக்கிறோம்.

வெள்ளிக்கிழமை காலை, செஞ்சியில் வேலை பார்க்கும் லைன்மேன் கோவிந்தன் சங்கிலியையும் கொடிக்கம்புகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் தொண்டூர், அங்கிருந்து வண்டிப்பாதையில் ஒன்றரை மைல் நடை. வழியில் வடக்கே ஒரு பாறைக் குன்றைக் காட்டி, அந்தக் காலத்துச் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் அங்கே இருக்கின்றன என்றார். மழமழவென்று செதுக்கியிருப்பார்களாம். போய்ப் பார்த்ததுண்டா என்று கேட்டதற்கு, "மாடு தேடிப் போனப்போ ஒருதரம் படுத்துப் பாத்தேன்மா. குளிர்ச்சியாத்தான் இருக்குது" என்றார்.

விண்ணப்பம் வராமல் மிஞ்சியிருந்த பன்னிரண்டாவது கிணறு ஊருக்கு மேற்கே, வண்டிப்பாதையை ஒட்டியிருந்தது. சதுரக் கிணறு, கருங்கல் கட்டு, வடகரையில் கவலை இறைக்கும் சரிவு. மாடுகள் முன்னும் பின்னும் நடந்து பெரிய தோல் சாலில் நீரை மேலே கொண்டுவரும் இடம் அது. அண்ணன் தம்பி இருவருக்குப் பொதுக் கிணறு. மேற்கே அண்ணன் ஏழுமலையின் நிலம். கிழக்கே தம்பியின் நிலம்; தம்பி இறந்து இரண்டு வருஷமாகிறது, இப்போது அவன் மனைவி அஞ்சலை பயிர் வைக்கிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் முறை. ஏழுமலைக்கு மாடு உண்டு. அஞ்சலை மாட்டை விற்றுவிட்டாள். அவள் முறை வரும் நாட்களில் நயினாரின் என்ஜின் வந்து நிற்கும்.

நான் போனபோது ஏழுமலை மேற்குக் கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அஞ்சலை கிழக்குக் கரையில் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றாள். இருவருக்கும் நடுவில் பதினைந்தடிக் கிணறு. ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. நான் குறிப்பில் 'தகராறு' என்று எழுதினேன். கோவிந்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "தகராறு இல்லம்மா. மொறை. அவரு அவளுக்கு மூத்தாரு. நேருக்கு நேர் பேச மாட்டாங்க" என்றார். கணவனின் அண்ணன் எதிரில் நிற்பதோ பேசுவதோ அங்கே மரியாதையில்லை. என் ஊர்ப்பக்கம் இதெல்லாம் வீட்டுக்குள் தளர்ந்துவிட்டது. வயல்வெளியில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'தகராறு' என்பதை அடித்தேன்.

ஆனால் இரண்டு வருஷமாக அவர்களுக்கு நடுவில் நின்று பேச வேண்டியவன் இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. அன்று அந்த இடத்தில் நான் நின்றேன். பதினைந்தடி தூரத்தில் இருவர் காதிலும் எல்லாம் விழும். இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் என்னிடம் சொல்லப்பட்டு, பதிலும் என்னிடம் வந்தது.

விஷயம் இதுதான். இணைப்பு ஒரு பெயரில்தான் கொடுப்போம். பட்டா ஏழுமலை பெயரில் இருக்கிறது. பாகப்பிரிவினை வாயால் நடந்ததுதான், காகிதத்தில் இல்லை. ஆகவே விண்ணப்பம் ஏழுமலை பெயரில், ஆட்சேபணை இல்லை என்று அஞ்சலை கைநாட்டு வைக்க வேண்டும். மோட்டார் கொட்டகை, கம்பி வரும் வண்டிப்பாதைக்கு அருகே, மேற்குக் கரையில். செலவும் குறைவு, தூரமும் குறைவு. நான் வரும் முன்பே எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

அஞ்சலை கைநாட்டு வைக்க மாட்டேன் என்றாள்.

ஏழுமலை வானத்தைப் பார்த்து, "தம்பி பங்கை நான் முழுங்கிடுவேன்னு நெனைக்குதான்னு கேளும்மா" என்றார்.

அவள் என்னிடம் சொன்னாள்: "அவங்களைத் தப்பு சொல்லலம்மா. நாளைக்கு அவங்க புள்ளைங்க பெரியவங்களாவாங்க. இப்போ மாடு. என் மொறை வந்தா நான் எவன் மாட்டையோ கூட்டியாந்து கட்டிக்குவேன். இல்லன்னா என்ஜினு. சுச்சு அவங்க கொட்டாய்க்குள்ள இருந்தா, நான் எதைக் கட்டறது?"

என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. பேசும்போது என்னைப் பார்க்கவில்லை. காலடியில் இருந்த கடலைச் செடியைப் பார்த்தாள். பூ முடிந்து விழுது மண்ணில் இறங்கும் சமயம். அப்போது ஈரம் இல்லாவிட்டால் செடி பச்சையாகவே நிற்கும், மண்ணுக்குள் ஒன்றும் இருக்காது. மூன்றில் ஒரு பங்கு கொடுத்து மிச்சத்தில் இரண்டு வருஷம் தள்ளிவிட்டாள். மூன்றாவது வருஷமும் அப்படியே போனால் நிலத்தை மூத்தாரிடமே குத்தகைக்கு விட்டுவிட்டு மகளோடு தாய்வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று கோவிந்தன் பிறகு சொன்னார். மின்சாரம் வந்தால் அவள் நிலம் தங்கும். அது மேற்குக் கரைக்கு வந்தால், தண்ணீர் போய்விடும்.

பதினொரு மணிக்குள் ஊர் கூடிவிட்டது. மீதிப் பதினொரு விண்ணப்பக்காரர்களும் வந்து நின்றார்கள். யாரும் திட்டவில்லை. ஒவ்வொருவரும் நல்லபடியாகவே சொன்னார்கள்: ஊருக்கே வெளிச்சம் வருகிறது, ஒரு விரலில் நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்கு விளக்கு, ரேடியோ, மாவு மிஷின். அவரவர் கிணற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லாரும் ஊரைப் பற்றித்தான் பேசினார்கள். நயினார் ஒருவர்தான், சைக்கிளில் வந்து இறங்கியதும், தன் மிஷினைப் பற்றிப் பேசினார். கொட்டகையைக் கிழக்குக் கரையில் வைத்துக்கொள். அதற்குக் கூடுதலாக ஒரு கம்பம் ஆகும். அந்தச் செலவு என்னுடையது என்றார். எனக்கே ஆறுதலாக இருந்தது.

அஞ்சலை தலையை அசைத்தாள். "கம்பம் அவரு குடுத்தா, கடலை அவரு மண்டிக்குத்தான் போவணும்பாரு. அவரு சொல்ற வெலைக்கு."

"ஆமா, சொல்லுவேன்" என்றார் நயினார். "சும்மா குடுக்கறதுக்கு நான் இன்னா கோயிலா?"

கூட்டம் சிரித்தது. அவளும் சற்றே சிரித்தது போலிருந்தது. பிறகு முதல் தடவையாக என்னை நேரே பார்த்தாள். "நீ கவர்மெண்டு. என் மொறைக்குத் தண்ணி வரலன்னா கவர்மெண்டு வந்து பாத்துக்குமா? நீ சொல்லு, வெக்கறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முந்தின நாள் மாலை, அரசாங்கம் எங்கே வர வேண்டும் என்று மண்டியில் உட்கார்ந்து விளக்கியவள் நான். இப்போது என்னிடம் இருந்தது ஒரு விண்ணப்பப் படிவம். அதில் பெயர் எழுத ஒரே ஒரு வரி. மோட்டார் வரைக்கும்தான் எங்கள் வேலை என்றேன். தண்ணீரைப் பங்கு பிரிப்பது எங்கள் வேலையில் இல்லை, அதற்கு நீங்கள் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்றேன்.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு செடிகளுக்கு நடுவே நடந்து போய்விட்டாள். கூட்டம் கலைந்தது. எனக்கு மோர் கொடுப்பதாக முன்பு சொல்லியிருந்த வீட்டுக்காரர் அதை மறந்துவிட்டார். தொண்டூருக்குத் திரும்பி நடக்கையில் கோவிந்தன் சங்கிலியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "பாத்துக்குவோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெச்சிருப்பா" என்றார். எனக்கும் அது தெரியும். பஸ்ஸில் அவர் முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சனிக்கிழமை விடியற்காலையில் கோட்டைக்குப் போனேன். மதியத்துக்குள் முடிவு சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் பிடிக்க வேண்டும். அதற்கு முன் பார்க்காவிட்டால் பிறகு வரமாட்டேன் என்று தோன்றியது. கடைத்தெருவிலிருந்து ஒரு மைல் நடை. வாயிலில் ஆடு மேய்ப்பவர் ஒருவரைத் தவிர யாரும் இல்லை. கல்யாண மகால் என்கிற ஏழு அடுக்குக் கட்டடத்தில், மேல் அடுக்குவரை தண்ணீர் ஏறுவதற்கு மண்குழாய் பதித்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். அந்தக் குழாய்த் தடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். எங்கோ உயரத்தில் உள்ள குளத்திலிருந்து பம்பு இல்லாமல் அரண்மனைக்கு மாடிமேல் தண்ணீர். கோட்டைக்கு வெளியே இருந்தவன் அப்போதும் மாடு கட்டித்தான் இறைத்திருப்பான். களஞ்சியத்துக்குள் போனேன். கூரை உயரத்துக்கு நெல் கொட்டலாம். சுவர் அவ்வளவு கனம். ஒரு சொல் சொன்னால் பல தடவை திரும்பி வருகிறது. என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். மூன்று நாளில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் குரல் அது.

கோட்டையின் பெரிய குன்றான ராஜகிரியின் உச்சிவரை ஏறவில்லை. பாதியில் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். கீழே வயல்கள் பாத்தி பாத்தியாகத் தெரிந்தன. பையிலிருந்து வரைபடத்தை எடுத்து முழங்காலில் விரித்துக்கொண்டேன். அஞ்சலை சொன்னதை நான் இரவெல்லாம் தர்க்கமாக நினைத்துக்கொண்டிருந்தேன்: யார் பக்கம் நியாயம், அரசாங்கம் எதுவரை வரலாம், நயினாருக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று. வரைபடத்தைப் பார்த்தபோது அவள் கேட்டது வேறு என்று தெரிந்தது. சுவிட்சு எந்தக் கரையில் இருக்கும் என்றுதான் கேட்டாள். அது என் வேலை.

கூடுதல் கம்பம் போட்டுக் கிணற்றைச் சுற்றிக் கிழக்கே போவது என்றால் செலவு. ஆனால் ஊருக்குப் போகிற கம்பியே வண்டிப்பாதையை விட்டு, இரண்டு வயலுக்கு முன்னாலேயே திரும்பி, அஞ்சலையின் வரப்பு வழியாகப் போனால்? பென்சிலால் போட்டுப் பார்த்தேன். கம்பங்களின் எண்ணிக்கை அதேதான். ஒரு திருப்பம் அதிகம். அந்தத் திருப்பத்தில் கம்பத்தை இழுத்துப் பிடிக்க ஒரு தாங்குகம்பி அதிகம். ஒரு கம்பம் அவள் நிலத்துக்குள் நிற்கும். வேலை நடக்கும்போது கொஞ்சம் கடலைச் செடி மிதிபடும். பெயர் ஏழுமலைக்கு, மோட்டாரும் சாவியும் கிழக்குக் கரையில். அவர் இல்லாமல் அவளுக்கு இணைப்பு இல்லை, அவள் இல்லாமல் அவருக்கு சுவிட்சு இல்லை.

பத்தரை மணிக்குக் கிணற்றடியில் இருந்தேன். இந்தத் தடவை கூட்டம் வரும் முன் இருவரையும் அழைத்துவரக் கோவிந்தனிடம் சொன்னேன். நான் வடகரையில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்: எங்கே திரும்பும், எங்கே கம்பம், எவ்வளவு செடி போகும். செடிக்கு நஷ்டஈடு வரும், ஆனால் தாமதமாக வரும் என்பதையும் சொன்னேன்.

"பேரு என்னுது, சாவி அங்கேன்னா நான் எதுக்கு?" என்று ஏழுமலை வானத்தைக் கேட்டார். அவர் பீடி ஒன்று பற்றவைத்து முக்கால்வாசி குடித்தார். அவருடைய மாடுகள் பக்கத்தில் படுத்திருந்தன; இரண்டுக்கும் வயதாகிவிட்டது, ஒன்றின் கழுத்தில் நுகத்தடி அழுத்திப் புண்.

பிறகு சொன்னார்: "அந்தக் கரை தாழ்வு. மழைல தண்ணி நிக்கும். கொட்டாயிக்கு ரெண்டடி மேடு கட்டணும்னு சொல்லு. கல்லு எங்கிட்ட கெடக்குது."

கோவிந்தன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதுதான் சம்மதம்.

அஞ்சலை உடனே வரவில்லை. கம்பம் எந்த இடம் என்று காட்டச் சொன்னாள். நாடா பிடித்து அளந்து காட்டினேன். கோவிந்தன் அடிக்கப்போன முளையை வாங்கித் தானே அடித்தாள். நிமிர்ந்து, "கம்பம் நின்னா நிக்கட்டும். இது யாரு கரைன்னு நாளைக்கு எவன் கேட்டாலும் அது சொல்லும்" என்றாள். மை அட்டையைத் திறந்தேன். அவள் கட்டைவிரல் மைக்கு மேலே நின்றது.

"நீ வரைஞ்சு குடுத்துட்டுப் போயிடுவ. மேல இருக்கறவங்க மாத்தி மறுபடி அந்தப் பக்கம் போட்டுட்டா?"

அது நடக்கக்கூடியதுதான். நான் வரைவேன், கையெழுத்துப் போடுகிறவர் வேறு. மாற்ற மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

"மாத்தினா நானே வந்து உங்ககிட்ட சொல்றேன். இந்தக் காகிதத்தையும் திருப்பிக் குடுத்துடறேன்" என்றேன்.

"நீயா வருவ?"

"நான்தான் வருவேன்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலை மையில் வைத்து, காகிதத்தில் அழுத்தி, எடுத்து, ஒரு கடலை இலையில் துடைத்துக்கொண்டாள்.

மாலை நாலே காலுக்குச் செஞ்சி பஸ் நிலையத்தில் நயினார் வந்தார். மிஷின் எப்போது ஓடும் என்று கேட்டார். உத்தரவு வந்து ஆறு மாதம் ஆகலாம் என்றேன். அஞ்சலையின் மூன்றில் ஒரு பங்கு அடுத்த வருஷம் உங்களுக்கு இல்லை என்றேன். அவருக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. என்ஜினுக்குச் சக்கரம் இருக்கிறது, கம்பி போகாத ஊருக்குத் தள்ளிக்கொண்டு போவேன் என்றார். பிறகு, "நீ ஏம்மா கோட்டைல ஒக்காந்து கோடு போட்ட? ஆடு மேய்க்கறவன் சொன்னான். உனக்கு இதுல இன்னா வருது?" என்றார். சம்பளம் வருகிறது என்றேன். அது எங்கே உட்கார்ந்தாலும் வருமே என்றார். வெயிலைப் பார்த்தார், சாப்பாட்டு நேரம், போய்விட்டார்.

என் ஊர் காவிரிப் பாசனத்தில் இருக்கிறது. அங்கே அணையைத் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வரும். அண்ணன் வயலுக்கும் வரும், தம்பி வயலுக்கும் வரும். யாரும் கைநாட்டு வைப்பதில்லை. மாலையில் வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்து, இந்த அரசாங்கம் எதற்குத்தான் இருக்கிறது என்று அப்பாவும் அவருடைய நண்பர்களும் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும். செஞ்சிப் பக்கத்தில் தண்ணீர் கிணற்றுக்குள் இருக்கிறது. அதை மேலே கொண்டுவர ஒருவனுக்கு இன்னொருவன் வேண்டும். அந்த ஒவ்வொருவனும் தனக்கு என்ன என்று கேட்கிறான். அதைக் கேட்பது தவறு என்று மூன்று நாளுக்கு முன் நினைத்திருந்தேன். இப்போது, தனக்கு என்ன என்று வாய்விட்டுச் சொன்ன நயினாரோடும் அஞ்சலையோடும்தான் என்னால் பேச முடிந்தது என்று தோன்றுகிறது. அப்பாவுக்கு இதை எழுதினால் நீண்ட பதில் வரும். எழுதவில்லை.

அலுவலகத்தில் வரைபடத்தைக் கொடுத்தபோது, கோடு ஏன் வளைகிறது என்று மேலதிகாரி கேட்டார். நில அமைப்பு என்று எழுதியிருந்தால் கேட்டிருக்கவே மாட்டார். 'கிணற்றில் இருவருக்கு உரிமை' என்று எழுதியிருந்தேன். இது நம் வேலையா என்றார். கம்பம் அதிகமாகவில்லை, பன்னிரண்டாவது விண்ணப்பம் கிடைத்தது என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மேலே அனுப்பினார்.

ஐந்து மாதம் கழித்து உத்தரவு வந்தது. நான் வரைந்த கோடு அப்படியே இருந்தது, வளைவும் இருந்தது. வேலையைச் செஞ்சிக்காரர்கள் செய்வார்கள், எனக்கு அதில் பங்கில்லை. புரட்டாசியில் கம்பி ஏறிவிட்டதாகவும், கொட்டகைக்கு ஏழுமலை கல் கொடுத்ததாகவும், கோவிந்தன் வேறு ஏதோ கேட்டு எழுதிய அஞ்சலட்டையின் ஓரத்தில் எழுதியிருந்தார். விழுப்புரம் பஸ் நிலையத்தில் செஞ்சி பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் தினமும் அலுவலகம் போகிறேன். மாற்றினால் வருவேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். மாற்றவில்லை, நானும் போகவில்லை.